போனைக் கீழே வைக்க மாட்டேங்கிறான்: தோட்டப்புறப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலை வகுப்பு நடத்துகிறோம். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) பிள்ளைகள் வருகிறார்கள். பகலில் நான் கிராணி (எழுத்தர்) வேலை பார்ப்பவள். ஆனாலும் எல்லாருக்கும் டீச்சர்தான். எட்டரை மணிக்குப் பிள்ளையை ஏற்றிப்போக வரும் பெற்றோர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கேட்பது கணக்குப் பாடத்தைப் பற்றி இருக்காது. “டீச்சர், இவன் போனைக் கீழே வைக்க மாட்டேங்கிறான், என்ன செய்யறது?” என்பதாகத்தான் இருக்கும். மண்டப வாசலில் நின்று சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தால் ‘அதிகம்’?

மணிக்கணக்கை முதலில் விடுங்கள். எங்கள் வகுப்பில் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் தினமும் நான்கு மணி நேரம் போன் பார்க்கிறான். அவனே சொன்னது. ஆனால் பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறான், தம்பியோடு பந்து விளையாடுகிறான், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான். அவன் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். இன்னொருவன் பார்ப்பது இரண்டே மணி நேரம்தான். அது இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை. எனக்குக் கவலை அவனைப் பற்றித்தான்.

தூக்கம், சாப்பாடு, குளியல், பள்ளிக்கூடம், கூட்டாளிகள். இவற்றில் எதைப் போன் தின்கிறது என்று பாருங்கள். எதையும் தின்னவில்லை என்றால் அது பொழுதுபோக்கு. தூக்கத்தைத் தின்கிறது என்றால் மற்றது எல்லாவற்றையும் சீக்கிரமே தின்னப்போகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இரவிலிருந்து. இதை மட்டும் செய்து வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்றே நான் சொல்வேன்.

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது. அதனால் பத்து மணிக்கு முன் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து தோட்டத்துக்குள் வருவது ஐந்தே முக்காலுக்கு. பட்டணத்துப் பிள்ளை ஆறே முக்காலுக்கு எழுந்து நடந்தே போய்ச் சேர்ந்துவிடும். தோட்டத்துப் பிள்ளை அதற்குள் ஒரு மணி நேரம் பேருந்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நமக்கு இரவு குறுகியது. அதில் இரண்டு மணி நேரம் போனுக்குப் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் எல்லாப் போனும் அடுப்படிக்குப் போக வேண்டும். சார்ஜர் அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். ‘எல்லாப் போனும்’ என்றால் அப்பா போன், அம்மா போன் உட்பட. தோட்டத்து வீட்டில் ஆளுக்கொரு அறை எங்கே இருக்கிறது? பையன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்க, தலைமாட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிக்டாக் பார்த்துக்கொண்டிருந்தால் அவனைத் தூங்கு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

“கங்காணி கூப்பிடுவாரே”, “பேக்டரி பஸ் டிரைவர் கூப்பிடுவாரே” என்பார்கள். கூப்பிடட்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் அடுப்படியிலிருந்து கேட்காத அளவுக்கு நம்முடையது பங்களா இல்லை. பிள்ளைகள் சொல்லும் சாக்கு வேறு: “அலாரம் வைக்கணும்.” பட்டணத்தில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மேசைக் கடிகாரம் கிடைக்கும், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஓர் அம்மா போன்களை அரிசி டிரம்மில் போட்டு மூடி வைத்தார். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பையன் கொடுத்து வைத்தது சிம் கார்டு இல்லாத பழைய போன். நல்ல போன் அவன் தலையணைக்குள். அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். இப்போது போனைப் போடும்போது அதைப் பையனே ஒருமுறை திறந்து காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்.

பேசாமல் பிடுங்கி வைத்துவிட்டால் என்ன?

செய்து பார்த்தவர்கள் நிறையப் பேர். பிடுங்கிய போன் மூன்று நாளில் திரும்பப் போய்விடுகிறது, ஏனென்றால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்திருக்கும், அல்லது பையன் சாப்பிடாமல் படுத்துக்கிடப்பான், அல்லது பாட்டி அழுவார். மூன்று நாள் அடம்பிடித்தால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மூன்று நாள் அடம் உறுதி.

திருப்பிக் கொடுக்காத வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். பையன் மாலையில் வீட்டில் இருப்பதில்லை. ஒட்டுக்கடை வாசலிலோ, வைஃபை கிடைக்கும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) மேசையிலோ, தன்னைவிட நாலு வயது மூத்த பையன்களோடு ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் போன் பார்க்கிறானே என்று வருந்திய அப்பா, இப்போது எங்கே போனான் என்று மோட்டாரில் தேடிக்கொண்டிருப்பார். இந்த இரண்டில் முதலாவதே மேல்.

போனை எடுத்து வைக்கலாம், தவறில்லை. ஆனால் எதற்காக, எத்தனை நாளுக்கு என்று எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபத்தில் எடுத்ததைக் கோபத்திலேயே சுவரில் அடித்து உடைத்தவர்களும் உண்டு. கடைசியில் புதுப்போனுக்குத் தவணை கட்டியதும் அவர்கள்தான்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? கூப்பிட்டால் காதே கேட்பதில்லை.

இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று விளையாட்டு, இன்னொன்று முடிவில்லாத காணொளி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நம் பையன்களில் பெரும்பாலோர் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ், ஐவர் ஐவராக அணி பிரிந்து ஆடும் விளையாட்டு. ஓர் ஆட்டம் சுமார் 15 முதல் 20 நிமிடம் ஓடும். நடுவில் ஒருவன் எழுந்துபோனால் மற்ற நால்வரும் தோற்பார்கள், அவனுக்கும் நன்மதிப்புப் புள்ளி குறையும், தொடர்ந்து அப்படிச் செய்தால் ஆட்டத்தில் சேரவிடாமல் நிறுத்தி வைப்பார்கள். அந்த நால்வரும் நாளைக் காலையில் அதே பள்ளிப் பேருந்தில் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். அதனால்தான் “இதோ இதோ” என்கிறான். அது திமிர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தபோதுதான் புரிந்தது. அவன் வலது கட்டைவிரல் போகும் வேகத்தில் என் கண் போகவில்லை. ‘அரை மணி நேரம்’ என்று சொல்லாதீர்கள். ‘இரண்டு ஆட்டம்’ என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சு அவனுக்குப் புரியும், இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் கேட்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கும்.

காணொளி வேறு ரகம். அதற்கு ஆட்டம் முடிவது போல் ஓர் இடமே கிடையாது. முன்பெல்லாம் பக்கத்தின் அடிக்குப் போனால் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அங்கே கை ஒரு நொடி நிற்கும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்பவர் அந்த நிறுத்தமே இல்லாமல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை வடிவமைத்தார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். அடுத்து வருவது நன்றாக இருக்குமா, சப்பென்று இருக்குமா என்று தெரியாது. தெரியாததால்தான் விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கோயில் திருவிழாவில் ரங்கராட்டினத்துக்குப் பக்கத்தில் வளையம் எறியும் கடை இருக்குமே, அதே வித்தைதான்.

இதற்கு மேல் நம் பிள்ளைகளுக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களில் மலாய் மொழியில் பின்தங்கியவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். தோட்டப் பள்ளியில் பதினைந்து பேர் வகுப்பில் முதல் ஆளாக இருந்த பையன், நாற்பது பேர் வகுப்பில் வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருப்பான். அவன் வயதுக் கூட்டாளி முதல் படிவத்துக்குப் போயிருப்பான். அந்தப் பையன் போனில் ‘எபிக்’ தரத்திலிருந்து ‘லெஜண்ட்’ தரத்துக்கு ஏறினால், அன்றைக்கு அவன் ஜெயித்த ஒரே இடம் அதுதான். அதைப் பிடுங்குவதற்கு முன்னால் அவன் ஜெயிக்க வேறு ஓர் இடம் வேண்டும். எங்கள் வகுப்பில் புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக மலாய் வாசிப்பு வைப்பது இதனால்தான்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறோம். மதியத்தில் யார் பார்ப்பது?

காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகிறவர்களும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பேக்டரி பஸ் ஏறுகிறவர்களும் கேட்கும் கேள்வி இது. மதியம் இரண்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த நான்கு மணி நேரத்தை உங்களால் காவல் காக்க முடியாது. முடியாததைச் சட்டமாகப் போட்டால் அது உடையும், உடைந்தால் இரவுச் சட்டமும் சேர்ந்து உடையும். அதனால் மதியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், இரவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கட்டுப்படுத்த ஒரு வழி உண்டு. மாதம் முப்பது, முப்பத்தைந்து வெள்ளிக்கு அளவில்லா டேட்டா போடாமல், அளவுள்ள பிரிபெய்ட் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். பள்ளிக் குழுவின் செய்தி, கூகல் கிளாஸ்ரூம் பாடம் இதற்கெல்லாம் டேட்டா கொஞ்சம்தான் செலவாகும். குடிப்பது காணொளிதான். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று தெரிந்தால் பிள்ளையே சிக்கனம் கற்றுக்கொள்ளும். இருபதாம் தேதியே தீர்ந்துபோனால் உங்களிடம் வந்து நிற்கும். அப்போது பேச ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

பள்ளிப் பாடத்துக்கு வேண்டும் என்கிறான். உண்மையா, சாக்கா?

இரண்டும்தான். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். 2020 மார்ச் 18-ல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, பாடம் வீட்டிலிருந்தே என்றார்கள். நாமே கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தோம். லைன் கிடைக்காத தோட்டங்களில் அப்பாவே மோட்டாரில் உட்கார வைத்து மேட்டுக்குக் கூட்டிப்போனார். ‘போன் பார், படி’ என்று சொன்ன அதே வாயால் இப்போது ‘போன் பார்க்காதே, படி’ என்கிறோம்.

அப்புறம் 2021-ல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வும் 2022-ல் மூன்றாம் படிவப் பிடி3 தேர்வும் ரத்தாயின. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் வரை பெரிய பரீட்சை எதுவும் கண்ணில் படாமலே வளர்ந்த பிள்ளைக்கு, இன்றைக்கே புத்தகத்தைத் திறக்க அவசரம் என்ன? பரீட்சை வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அந்தப் பயம் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது வீடு செய்ய வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சாக்கா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “என்ன பாடம், ஆசிரியர் அனுப்பியதைக் காட்டு.” காட்டினால் கூடத்தில் உட்கார்ந்து செய்யட்டும். பக்கத்தில் அரசாங்கத்தின் ‘நாடி’ இணைய மையம் இருப்பவர்கள் அங்கே அனுப்பலாம். கணினியில் பாடம் செய்கிற பிள்ளைக்கு ஆட்டத்தின் நினைப்பு குறைகிறது.

போனிலேயே பூட்டு போடலாமாமே?

போடலாம். ஆண்ட்ராய்டு போனில் கூகலின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ இருக்கிறது. இரவு இத்தனை மணிக்குப் பூட்டு, இந்தச் செயலிக்கு இத்தனை நிமிடம் என்று அவற்றில் வைக்க முடியும். டிக்டாக்கில் 18 வயதுக்குட்பட்டவர் கணக்குகளுக்கு நாளுக்கு 60 நிமிட வரம்பை 2023-ல் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு குறியீட்டை அழுத்தினால் பிள்ளையே தாண்டிப் போகலாம், வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் திறந்தவனுக்கு அந்த வரம்பும் கிடையாது.

பதிமூன்று வயதுப் பிள்ளைக்குப் பூட்டு உதவும். பதினாறு வயதுக்காரன் அதை அரை மணியில் கழற்றுவான், கழற்றியதைக் கூட்டாளிகளுக்கும் சொல்லிக் கொடுப்பான். பல வீடுகளில் அம்மாவின் போனை அமைத்துக் கொடுத்ததே அவன்தான், கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும்! முதலில் அதை மாற்றுங்கள். ஆங்கிலம், மலாய் பார்த்துத் தயங்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாற்றிய பிறகு ‘அமைப்புகள்’ பக்கத்தை நீங்களே வாசிக்கலாம், பையனைக் கூப்பிட வேண்டியதில்லை.

விளையாட்டில் டைமண்ட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) வாங்கப் பணம் எடுத்திருக்கிறான். அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். முதலில் காசு எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். பிரிபெய்ட் இருப்பிலிருந்தா, இ-வாலெட்டிலிருந்தா, கடையில் வாங்கிய கூப்பன் அட்டையா? பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டால் பாதி ஓட்டை அடைபடும். இ-வாலெட்டின் ஆறு இலக்க எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

“மலிவாக டைமண்ட் தருகிறேன்” என்று யாரோ சொன்னதை நம்பி உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தால் அது வேறு விஷயம். உடனே இணைய மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போது திட்டினால் நடந்ததை முழுசாகச் சொல்ல மாட்டான்.

இதை எழுதும்போது ஒரு நினைப்பு. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார். பத்து வெள்ளி டாப்-அப் போட்டுப் போனில் ஒரு வீரனுக்குச் சட்டை வாங்கிய பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அந்தத் தோட்டத்தை இப்ப யாரு வச்சிருக்கா, டீச்சர்?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். அன்றைக்குக் கணக்குப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் பேசினோம்.

மகள் எந்நேரமும் யாரிடமோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பயமாக இருக்கிறது.

பையன்களுக்கு மாலையில் திடல் உண்டு, மோட்டார் உண்டு. பெண்பிள்ளை பள்ளி விட்டால் வீடுதான். பாத்திரம் கழுவி, தம்பியைப் பார்த்து, மிச்சம் கிடைக்கும் நேரத்தில் வெளியுலகம் என்று அவளுக்கு இருப்பது அந்தக் கையகலக் கண்ணாடி மட்டும். அதைப் பிடுங்கினால் அவள் ஒளிப்பாள். ஒளிக்கப் பழகிய பிள்ளைக்கு ஆபத்து வந்தால் நமக்குத் தெரியாது.

ஆபத்து கற்பனை இல்லை. முகம் தெரியாதவன் இனிக்க இனிக்கப் பேசுவான், படம் கேட்பான், அந்தப் படத்தை வைத்தே மிரட்டுவான். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் இப்படிப் பேசி வசப்படுத்துவதே குற்றம், தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஏதும் நடந்திருந்தால் செய்திகளை அழிக்காதீர்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் அரசாங்க உதவி எண் ‘தாலியான் காசே’ 15999 இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றை அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: “நீ என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்.” பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வகுப்புக்கு வரும் ஒரு மாணவி ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் ஒரு மிரட்டலைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அப்பா போனை எடுத்துருவாரு” என்றாள். மிரட்டியவனைவிட அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

இது வியாதியா? தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்களே?

கிண்டலுக்குச் சொல்பவர்களை விடுங்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு சிரிப்பு. 1911-லிருந்து அங்கே இருப்பது ஒரு மனநல மருத்துவமனை, அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இந்த மூன்றும் சேர்ந்து வழக்கமாக 12 மாத அளவுக்கு இருந்து, படிப்பும் வீடும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பெயர். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் விழுந்து விழுந்து ஆடுவது அதில் சேராது.

சந்தேகம் இருந்தால் முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். அடுத்தது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். ஒரு வெள்ளிதான் கட்டணம், தேவையென்றால் அவர்களே மேலே எழுதி அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல எண் 15555. பல நேரங்களில் போன் காரணமாக இருக்காது, மேலே தெரியும் கொப்புளமாகத்தான் இருக்கும். கீழே பள்ளியில் யாரோ அடிப்பதோ, அப்பாவின் குடியோ, மனச்சோர்வோ இருக்கும். “செத்துப் போயிடலாம்னு இருக்கு” என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மனம் விட்டுப் பேச உதவும் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

16 வயதுக்குக் கீழே சமூக ஊடகமே கூடாது என்று சட்டம் வருகிறதாமே, அப்புறம் என்ன கவலை?

2025 நவம்பரில் அரசாங்கம் அப்படி அறிவித்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு டிசம்பர் 10 முதல் செயல்படுத்தியது. நல்லதுதான். ஆனால் சித்தப்பா பெயரில் கணக்கு வைத்திருக்கும் பையனுக்கும், விளையாட்டு மட்டும் ஆடும் பையனுக்கும் அந்தச் சட்டம் அடுப்படி வரை வராது.

போன் இல்லாமல் மாலையில் அவன் என்னதான் செய்வான்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கேட்பவர்கள் குறைவு.

எங்கள் தோட்டத்தில் நான் சிறுமியாக இருந்தபோது ஆறு மணிக்குத் திடலில் இடம் கிடைக்காது. ஒரு பக்கம் காற்பந்து, ஒரு பக்கம் கபடி, ஓரத்தில் மணிமன்றத்து (தமிழ் இளைஞர் மன்றம்) அண்ணன்கள் வாலிபால் வலை கட்டுவார்கள். இப்போது அதே திடலில் லாலான் புல் முழங்கால் வரை நிற்கிறது, கோல் கம்பம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ஆள் போய்விட்டது. பாதிக் குடும்பம் தாமானுக்கு, பாதி ஈப்போவுக்கு. மிச்சம் இருக்கும் நான்கு பையன்களால் இரண்டு அணி பிரிக்க முடியாது. போனில் பத்துப் பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். பையன் போனுக்குள் போனான் என்கிறோம். அவன் ஆள் இருக்கும் இடத்துக்குப் போனான்.

ஆகவே ஆளைச் சேர்க்க வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது உறுமி மேளம். இதைச் சொன்னால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு, ரௌடிப் பையன்களின் வேலை என்பார்கள். இருக்கட்டும். உறுமியைத் தேய்க்க ஒரு கை, தட்ட ஒரு கை. போன் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆடித் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து கோயில் பின்புறம் வாரம் மூன்று நாள் பயிற்சி. பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒன்பது மணிக்குக் கலைய வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. பதினொரு பையன்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டு பெண்பிள்ளைகள் மூவர் தாளம் வாசிக்கக் கேட்டார்கள். கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

எல்லாருக்கும் மேளம் ஒத்துவராது. ஒருவன் மோட்டார் பட்டறையில் சனிக்கிழமை உதவிக்குப் போகிறான். ஒருத்தி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்கும் அத்தைக்குக் கணக்கு எழுதுகிறாள். எதுவாக இருந்தாலும் மாலை ஐந்திலிருந்து ஏழரைக்குள் வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒன்று, ஆட்களோடு.

தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால் எல்லாம் பாழாகிவிடுகிறது.

போகட்டும், இரண்டு நாள்தானே. பாட்டியோடு சண்டை போடாதீர்கள்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

முதல் வாரம் வீடு போர்க்களம். இரண்டாம் வாரம் பேரம்: “வெள்ளிக்கிழமை மட்டும் பதினொரு மணிக்கா?” கொடுங்கள், பேரம் பேசுகிறான் என்றால் விதியை ஒப்புக்கொண்டுவிட்டான். மூன்று நான்கு வாரத்தில் முதலில் மாறுவது மார்க் இல்லை, காலை நேரம். “ஒரே தடவை கூப்பிட்டா எழுந்துக்கிறான் டீச்சர்” என்று ஓர் அம்மா அதிசயமாகச் சொன்னார். பிறகு ஒரு வாரம் எல்லாம் கெட்டுப்போகும், புதிதாக ஓர் ஆட்டம் வந்திருக்கும், அல்லது விடுமுறை வந்திருக்கும். திரும்பவும் பத்து மணி, அடுப்படி என்று தொடங்க வேண்டியதுதான்.

எங்கள் மண்டபத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வகுப்பு தொடங்கும்போது எல்லாப் போனும், என்னுடையதும், அதற்குள் போகும். ஆரம்பத்தில் செய்தி வர வர அந்த டின் மேசைமேல் வண்டு அடைத்த டப்பா மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு பேரும் கணக்கை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். இப்போது அடியில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு டின்னில் ஒரு போன் மிச்சம் கிடந்தது. அதை மறந்துவிட்டுப் போனவன், இரவு மூன்று மணி வரை ஆடிக்கொண்டிருந்தானே, அதே பையன். எனக்கு ஒரே பெருமை. பத்து நிமிடத்தில் அப்பாவின் மோட்டாரில் திரும்பி வந்தான். “டீச்சர், போனைக் காணோம்னு இவர்தான் கண்டுபிடிச்சாரு” என்று அப்பாவைக் காட்டினான்.